தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டரும் பூமிநாதனும்

செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலை எட்டரை மணி இருக்கும். ராமநாதபுரத்தில் பிளெக்ஸ் அடிக்கும் சேகர், போனில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார். "அண்ணே, ஒரு கண்ணீர் அஞ்சலி. ரெண்டுக்கு மூணு. டிசைன் போடுற ஆளு லீவு. பத்து மணிக்குள்ள முடிச்சு அனுப்பிருங்க, எடுத்துட்டுப் போக ஆளு வந்து நிக்கிறாக." சரி என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே படத்தைத் திறந்தேன். கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தில் பழைய தழும்பு, பாதிச் சிரிப்பு. பூமி.

படத்துக்குக் கீழே போடவேண்டிய எழுத்தையும் சேகர் அனுப்பியிருந்தார். பூமிநாதன், ஏசி மெக்கானிக், உச்சிப்புளி. அவ்வளவுதான். இருபது வருஷமாக எத்தனையோ முகங்களைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து மாலைக்கு நடுவில் ஒட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கை ஓடவில்லை. ஏசி மெக்கானிக் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த வரியைச் சேர்க்கிற யோக்கியதை உலகத்தில் எல்லோருக்கும் இருக்கலாம், எனக்கு இல்லை. வந்தபடியே முடித்து அனுப்பினேன்.

நம் சங்கத்து மலருக்குப் பூமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்காது, வெட்டாமல் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாவட்டத்துப் போட்டோ, வீடியோக்காரர்கள். பூமியை அறிந்தவர்கள். என்னையும் அறிவீர்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், கல்யாண வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறவன். சட்டென்று கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது. பேசவேண்டிய இடத்தில் மட்டும் இந்த வாய் எப்படி அடைத்துப் போகும் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பூமியை முதலில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஏசி நின்றுபோய் மாப்பிள்ளை வீட்டார் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏணியில் ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்கியவன், பெரிய திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றான். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இதுக்குக் காய்ச்சல் அடிக்குதுண்ணே" என்றான். "நீ ஏசியப் பாருப்பா, இத நான் பாத்துக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் மிஷின் தானாக அணைந்து திரை கறுத்துவிட்டது. அவன் போகாமல் அங்கேயே நின்றிருந்தான். சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

என்னைவிட மூன்று வயது இளையவன். சவுதியில் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓட்டும் இயந்திரங்களோடு ஏழு வருஷம் இருந்துவிட்டு, உச்சிப்புளிக்குத் திரும்பிக் கடை போட்டவன். அந்த வருஷம் தை அறுப்பின்போது என் வீட்டுக்கு வந்தான். பின்னால் களத்தில் இயந்திரம் கதிரடிக்க, பதரும் தூசியும் ஜன்னல் வழியாக வந்து கம்ப்யூட்டரின் காற்றாடிகளில் அப்பிக் கிடந்தன. ஒரு கல்யாணப் படத்தை முழுதாக ஓட்டி முடிப்பதற்குள் மிஷின் மூன்று முறை அணையும். "காத்த ஊதி ஊதித் தூசியத்தாண்ணே உள்ள தள்ளிக்கிட்டு இருக்கீக. தண்ணிய ஓட விடுவோம்" என்றான்.

அவன் சொன்னது இதுதான். சூடாகிற சிப்பின்மேல் உள்ளே வாய்க்கால் வெட்டிய ஒரு செம்புக் கட்டியை உட்கார வைப்பது. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். கார் இன்ஜினில் நடக்கிற சங்கதிதான். ஒரு சின்ன மோட்டார், ஒரு கண்ணாடித் தொட்டி, நாலு குழாய், எட்டு மூட்டு. மூட்டுக்கு மூட்டு ஒரு ரப்பர் வளையம். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சாந்திக்குத் தாங்கவில்லை. "கரண்டு ஓடுற பொட்டிக்குள்ள தண்ணிய விடப் போறீகளா? ரெண்டு பேருக்கும் கூறு இருக்கா?" என்றாள். பூமி அவள் பக்கம் திரும்பி, "நல்லாக் கேட்டீக மதினி. அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதான் மொதல்ல காத்த விட்டுப் பாக்கப் போறேன்" என்றான்.

காற்றை விட்டுப் பார்ப்பதற்கு அவன் வைத்திருந்த கருவி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர்ப் பந்தும் முள்ளும். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் குழாயைத் தொட்டியின் வாயில் செருகி, பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றை ஏற்றுவான். "ஒரு மணி நேரம் இந்த முள்ளு அசையக் கூடாதுண்ணே. அசையலேன்னாத்தான் தண்ணி." முள்ளையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் பாரு தம்பி" என்றார். "அய்யா, இது கம்ப்யூட்டருக்குப் பாக்குறது." "அதுக்குமா பிரஷர் இருக்கு?" "இருக்காதா? இந்த அண்ணங்கிட்ட இருந்தா எதுக்குத்தான் வராது?" பெரியவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

காற்றுச் சோதனைக்கு அப்புறமும் மிஷினைப் போட விடமாட்டான். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் மெல்லிய வெள்ளைத் தாளைச் செருகிவிட்டு, மோட்டாரை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுவான். "கசிவு சத்தம் போடாதுண்ணே. தாளுதான் சொல்லும்." மறுநாள் ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எட்டும் காய்ந்து கிடந்தன. அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் அந்த மிஷின் அணைந்ததே இல்லை. நான் பார்த்தவர்களிடமெல்லாம் அவனைப் பற்றிச் சொன்னேன். நீங்களும் செய்துகொண்டீர்கள். மாவட்டத்தில் பதினோரு வீடுகளில் அவன் வைத்த தண்ணீர் ஓடியது.

ராமேஸ்வரத்தில் நம் நண்பர் ஒருவர் வீட்டில் மிஷின் ஒழுகியபோது நான் பூமியோடு இருந்தேன். அவன் போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "துணி எடுக்காதீக. தொடைக்காதீக. சுவத்துல இருக்க சுவிச்ச அமத்துங்க, வயரப் பிடுங்குங்க. அப்புறம் உக்காந்து ஒரு டீயக் குடிங்க. நான் வாரேன்." பஸ் பிடித்துப் பாம்பன் பாலம் தாண்டிப் போனோம். பெட்டியைத் திறந்தவுடன் நண்பர் ஈரமாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பூமி டார்ச்சை எடுத்து அங்கிருந்து மேலே மேலே அடித்துக்கொண்டு போனான். "ஈரம் இருக்குற எடம் வேற, ஒழுகுன எடம் வேறண்ணே." மேலே ஒரு மூட்டில் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. "தப்பு என்னோடது. பழைய சரக்கு. பாக்காம வாங்கிட்டேன்" என்றான். நண்பர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்.

நனைந்த சர்க்யூட் பலகையை ஸ்பிரிட்டும் பிரஷும் கொண்டு துடைத்து விசிறிக்கடியில் வைத்தான். "இன்னைக்கே போட்டுப் பாப்போம்னு கை ஊறும். ஊறட்டும். ரெண்டு நாள் பொறுத்தா மிசின் பொழைக்கும்." அங்கேயே உட்கார்ந்து, அந்தச் சரக்கு வளையம் போட்ட மற்ற ஐந்து பேருக்கும் போன் செய்து, மிஷினை நிறுத்தி வையுங்கள், வந்து மாற்றித் தருகிறேன் என்றான். மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு ஐந்து வீடுகளுக்கும் அலைந்தான். தப்பு என்னுடையது என்று சொல்ல அவன் ஒரு நொடிகூட யோசிக்கமாட்டான் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது. அதனால்தான் பின்னால் ஒரு நாள் அவன் அதையே பொய்யாகச் சொன்னபோதும் நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள்.

பொய்யாக என்றுதான் எழுதியிருக்கிறேன். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிய பெருமை கொஞ்சம் அதிகம். சுற்றுவட்டாரத்தில் எங்கே குழாய் இறக்கினாலும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. எங்கள் ஊருணித் தண்ணீரில் பருப்பு மூன்று விசிலில் மலர்ந்துவிடும். பெண் கொடுக்க வருகிறவர்கள் குடிதண்ணீர் எங்கேயிருந்து என்று கேட்டால், ஊருணி என்று நாங்கள் சொல்கிற தோரணையே வேறாக இருக்கும். எந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறதோ அதுதான் தண்ணீர். அதற்கு மேல் எங்களுக்கு ஒரு பரிசோதனை கிடையாது.

பூமி என்னிடம் இரண்டு பாட்டில் கொடுத்திருந்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தைச் சொட்டுக் கணக்கில் அவனே கலந்திருந்தான். "தொட்டியில கொறஞ்சா இத மட்டும் ஊத்துங்க. தீந்துட்டா மிசின நிப்பாட்டிட்டு எனக்கு ஒரு போன். வேற எந்தத் தண்ணியும் ஆகாதுண்ணே." "எங்க ஊருணித் தண்ணிகூடவா?" என்று கேட்டேன். "நல்ல தண்ணிதான், யாரு இல்லேன்னா? பருப்பு நல்லா வேகும். இந்தப் பொட்டிக்குள்ள பருப்பு வேக வேண்டாம்ல." நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் உள்ளே குத்தியது. பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிற தண்ணீர் எங்கள் ஊருணியைவிட உசத்தியா என்று ஒரு வீம்பு.

ஆவணி முகூர்த்த நேரத்தில் பாட்டில் தீர்ந்தது. தொட்டியில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பூமிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கேயாவது ஏணிமேல் நின்றிருப்பான். இரண்டாவது முறை நான் கூப்பிடவில்லை. அடுப்படிக்குப் போய்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. சூடு ஏறவில்லை. எனக்கு என்னவோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் அவனே திருப்பிக் கூப்பிட்டு, தண்ணி எப்படி இருக்கு என்று கேட்டான். இருக்கு இருக்கு என்றேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று தடவை குடத்துத் தண்ணீர்தான். சாந்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஊருணித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் களிமண் இருக்கும், பாசி இருக்கும். செம்புக் கட்டிக்குள் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் மயிரிழை அகலம். அடைபட்டது. தண்ணீர் ஓட முடியாமல் கொதித்தது. சூட்டில் குழாய் இளகி, மூட்டை விட்டு நழுவியது. இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம். பக்கத்து ஊரில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணம் எடுத்திருந்தேன், ஒரே மகள். கேமரா கார்டுகளை அடுத்த விசேஷத்துக்காக அழித்தாயிற்று. இரண்டாவது நகல் ஒன்று வைத்திருந்தேன். அந்த டிஸ்கும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தீய்ந்த வாடை அடித்து ஓடினேன். பெட்டியிலிருந்து மேஜைக்கும் மேஜையிலிருந்து தரைக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் துண்டை எடுத்துத் துடைத்தேன். டிஸ்கில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்று மவுஸைப் பிடித்தேன். உள்ளே படபடவென்று பொரிந்து, எல்லாம் நின்றது. அவன் எதையெல்லாம் செய்யாதே என்று சொன்னானோ அதையெல்லாம் வரிசை தவறாமல் செய்தேன். கடைசியில் ஈரத்தை இழுக்கும் என்று டிஸ்குகளை நெல் மூட்டைக்குள் புதைத்து வைத்தேன்.

பூமி இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தான். அதே நேரம் படம் எப்போது கிடைக்கும் என்று கேட்க, பெண்ணின் சித்தப்பாவும் வந்து நின்றார். பூமி நெல்லுக்குள்ளிருந்து டிஸ்கை எடுத்து உமியை ஊதிப் பார்த்தான். இரண்டும் போயிருந்தன. குழாய்களைக் கழற்றி எட்டு மூட்டுகளையும் பார்த்தான், நானும் பார்த்தேன். பிறகு செம்புக் கட்டியின் நாலு திருகாணிகளைக் கழற்றித் திறந்தான். பச்சையும் செம்மண்ணும் கலந்த பிசுக்கு அப்பியிருந்தது. கட்டைவிரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தான். "அண்ணே, வேற தண்ணி ஏதும் ஊத்துனீகளா?" என்று கேட்டான்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். சாந்தி என்னைப் பார்த்தாள். "இல்ல. நீ குடுத்ததுதான்" என்றேன்.

அவன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த துணியால் அந்தப் பிசுக்கை வழித்து, செம்பு பளபளக்கும்வரை துடைத்தான். சித்தப்பா பக்கம் திரும்பி, "மூட்டுல வளையம் சரியா உக்காரலண்ணே. என் வேலைதான்" என்றான். சித்தப்பா போனபிறகும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் தெரு திரும்பியதும் சாந்தி, "அந்த மனுசன் வயித்துல அடிச்சிட்டீகளே" என்றாள். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.

பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒங்கள ஒத்தையில அனுப்ப முடியாதுண்ணே, நானும் வாரேன்" என்று மறுநாள் காலையிலேயே பூமி வந்துவிட்டான். பெண்ணின் தாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எம் மக கழுத்துல தாலி ஏறுனத இனிமே பாக்கவே முடியாதா?" என்று கேட்டார். பூமிதான் பதில் சொன்னான். "முடியாது ஆத்தா. தப்பு என்னோடது. அண்ணனக் கோவிச்சுக்கிறாதீக. அவரு நல்லாத்தான் எடுத்தாரு." அந்த அம்மா அவனை நன்றாக ஏசினார். கல்யாண வீட்டுக் காரியத்தில் விளையாடுகிறாயா, உனக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே என்றார். அவனுக்குப் பிள்ளை இல்லை. கேட்டுக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லியிருக்கலாம். அவன்தான் பேசினான். "ஒங்களுக்கு இது ஒண்ணுதாண்ணே தொழிலு. எனக்கு என்ன, ஏணி இருக்கு, ஏசி மாட்டிப் பொழச்சுக்கிறேன்." அவனுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் வந்தது, ஏறினோம்.

அதற்கப்புறம் நடந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் தொடங்கி வைத்தவன் நான். சங்கத்து மாதக் கூட்டத்தில் எழுந்து, "தண்ணி வச்ச மிசின நம்பாதீக, நான் பட்டுட்டேன்" என்று பேசினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அவசியம்கூட இல்லாதபோது நானாக எழுந்து பேசினேன். ஒவ்வொருவராகப் பயந்துபோய் அவனைக் கூப்பிட்டுக் குழாய்களை எடுத்துவிடச் சொன்னீர்கள். அவனும் மறுக்காமல் வந்து, தான் மாட்டியதைத் தானே கழற்றி, பழையபடி காற்றாடி பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். பதினோரு வீடும் முடிந்தது. அதன்பிறகு அவன் ஏசி மெக்கானிக் மட்டும்தான்.

இரண்டு வருஷம் அவன் கண்ணில் படாமல் இருந்தேன். ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் ஒரு நாள் ஏணியும் பையுமாக வந்தவனைக் கண்டு, பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்வான். ஒரு தடவை எடுத்து, வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்திருக்கிறான். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளாக நான் என்னை வைத்துக்கொள்ளவில்லையே.

உடல் எடுப்புக்கு நான் போகவில்லை. பதினாறாம் நாள் போனேன். நான் போட்டுக் கொடுத்த பிளெக்ஸ் வாசலில் கட்டியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தவனிடம் பூமியின் மனைவி முனீஸ்வரி வந்தாள். அழுது ஓய்ந்த முகம். "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வருவீகளோ மாட்டீகளோன்னு இருந்தேன்" என்றாள். எல்லாம் தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்க மிசின் கெட்டது அவரால இல்லண்ணே. என்னால. அந்தச் சின்ன வளையம் அவரு வெரலுக்கு ஒக்காராது, முறுக்கிக்கிரும். எல்லா மிசினுக்கும் மூட்டுல வளையம் மாட்டுனது நான்தான். ஒங்களுக்கு எட்டும் இங்கன ஒக்காந்து நான்தான் மாட்டிக் குடுத்துவிட்டேன். வளையம் சரியில்லன்னு அவரு சொல்லிட்டு வந்தன்னைக்கே கேட்டேன், என் கைதானன்னு. இல்ல புள்ள, நான்தான் மூட்டுகளச் சரியா முறுக்கலேன்னாரு. சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாரு. என்னையக் காப்பாத்தச் சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? ஊரே அவரப் பேசுச்சு. என்னாலதான் அவரு பேரு போச்சு. நீங்க மன்னிச்சிருங்கண்ணே."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். உள்ளேயிருந்து பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் விடும்மா. நடந்தது நடந்துபோச்சு" என்றேன். சொல்லிவிட்டுப் போய் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் ஒரே நினைப்பு. அவன் பெண்டாட்டியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு சுவருக்குள் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? அதைக்கூடச் செய்யாமல் என் மானத்தைக் கட்டிக் காத்திருக்கிறான். வளையம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட ஒரு வார்த்தை அவள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்துவிட முடியாமல், என் கை, என் கை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். எடுத்துவிட முடிந்த ஒரே ஆள் நான். நான் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மலருக்காக இதை எழுத ஆரம்பித்தேன். பாதியில் சாந்தி வாங்கிப் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். "புஸ்தகத்துல போடுறது இருக்கட்டும். ஊரு படிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் உச்சிப்புளிக்குப் போனோம்.

முனீஸ்வரி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. ஊருணி, குடம், செம்பு, வேட்டித் துணி, அவன் கேட்டது, நான் இல்லை என்றது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நேவி தளத்து ஹெலிகாப்டர் ஒன்று வீட்டுக்குமேல் தாழப் போனது. சத்தம் அடங்கும்வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வளையம்?" என்று கேட்டாள்.

"எட்டும் சரியாத்தான் இருந்துச்சும்மா."

"நீங்க பாத்தீகளா?"

"அவன் கழட்டயில பக்கத்துல நின்னு பாத்தேன். ஒண்ணுகூட முறுக்கல, வெடிக்கல. குழாய்தான் சூட்டுல நழுவுச்சு. ஒன் கையில ஒரு கொறையும் இல்ல."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இத அவரு இருக்கயில வந்து சொல்லிருக்கலாம்லண்ணே" என்றாள். எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை. சாந்தி பின்னாலேயே போனாள். உள்ளே இருவரும் அழுகிற சத்தம் கேட்டது. நான் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நண்பர்களே, இந்த மாதிரிக் கட்டுரையின் முடிவில், மறைந்தவரிடமிருந்து தனக்குக் கிடைத்தது இன்னது என்று எழுதுவது வழக்கம். மற்றவர்கள் அவனிடமிருந்து பொறுமையை, தொழில் சுத்தத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அவன் விட்டுப் போயிருப்பது ஒரு பழி. என்னுடையதைத்தான் இரண்டு வருஷம் அவன் சுமந்தான், அவனால் இறக்கி வைக்க முடியாமல் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து சுமந்தாள். இப்போது நான் வாங்கிக்கொண்டேன். இனி நம் கூட்டத்திலோ கல்யாண வீட்டுப் பந்தலிலோ அந்தக் கம்ப்யூட்டர் ஒழுகிய பேச்சு வந்தால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள். முனீஸ்வரி காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்லுங்கள்.